மெலட்டூர் பாகவத மேளா

தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, வரதராஜப் பெருமாள் சன்னிதிக்கு எதிரே நிகழும் பாகவத மேளா, இசையும் நடனமும் வசனமும் கலந்த நாட்டிய நாடக மரபாகும். நாயக்க மன்னர் அச்சுதப்பர், பல குடும்பங்களுக்கு நிலமும் வீடும் வழங்கிக் குடியமர்த்தியதால் அச்சுதபுரம் என வழங்கிய இவ்வூரில், பிற்காலத்தில் வாழ்ந்த வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாடகங்களே இன்றும் ஆடப்படுகின்றன. மொழி தெலுங்கு, பார்ப்போர் பெரும்பாலும் தமிழர் என்பது இம்மரபின் சுவையான முரண்.

பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்கும் இந்நிகழ்ச்சி, கோணங்கி எனப்படும் விகடனின் ஆட்டத்துடன் இரவில் தொடங்கி, யானைமுகம் அணிந்த சிறுவன் பிள்ளையாராக வந்து சென்ற பின் கதைக்குள் நுழைந்து விடியும்வரை நீள்கிறது. அரிச்சந்திரன், உஷா பரிணயம் போன்றவையும் ஆடப்படினும், விழாவின் உயிர்நிலை பிரகலாத சரித்திரமே. கோயிலில் வைத்துப் பூசிக்கப்படும் நரசிம்ம முகமூடியை, நோன்பிருந்த நடிகர் அணிந்ததும் ஆவேசம் கொள்வதாக ஊரார் நம்புவதால், அவர் இரணியன் மீது உண்மையாகவே பாய்ந்துவிடாதபடி சிலர் அவரைப் பற்றிப் பிடித்திருப்பர். நடிப்பும் வழிபாடும் பிரித்தறிய இயலாதபடி ஒன்றாகும் அக்காட்சியோடு பொழுது புலர்கிறது.