ஓவியர்கள் கதவை திறந்து வைத்தால் யாரும் உள்ளே போகலாமா? மெழுகும் சாயமும் விற்று உருவான சோழமண்டலம் சொல்லும் பதில்

சென்னை,

போட்டோ ஸ்டூடியோ எல்லோருக்கும் தெரியும். சினிமா ஸ்டூடியோவும் தெரியும். ஓவியர் ஸ்டூடியோ என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் கால் வைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"அதெல்லாம் பெரிய இடத்து சமாச்சாரம்ப்பா. நமக்கு என்ன புரியப்போகுது" என்பதுதான் பொதுவான பதில்.

இந்த தயக்கத்தை உடைக்கத்தான் உலகம் முழுவதும் பல ஊர்களில் "ஓபன் ஸ்டூடியோ" என்ற பெயரில் திறந்த வீட்டு மாலைகள் நடத்தப்படுகின்றன. அது என்ன? யார் போகலாம்? போனால் காசு கேட்பார்களா? சென்னையில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

ஓபன் ஸ்டூடியோ என்றால் என்ன?

ஓவியர்களும் சிற்பிகளும் ஒரே கட்டிடத்தில் ஆளுக்கு ஓர் அறை எடுத்து வேலை செய்வது பல நகரங்களில் வழக்கம். வாடகை குறைவு என்பதால் பழைய மில், பழைய குடோன் போன்ற கட்டிடங்களைத்தான் பெரும்பாலும் பிடிப்பார்கள். மற்ற நாட்களில் அந்த அறைகள் மூடியே இருக்கும். உள்ளே வேலை நடக்கும்.

வருடத்தில் ஒரு நாள் அல்லது மாதத்தில் ஒரு மாலை மட்டும் எல்லா அறைகளின் கதவையும் திறந்து விடுவார்கள். விளக்குகள் எரியும். வேலை முடிந்து வீட்டுக்கு போகிறவர்கள், பக்கத்து தெருக்காரர்கள், பிள்ளைகளோடு வருகிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் அறை அறையாக ஏறி இறங்கி பார்க்கலாம். பாதி வரைந்த படம், காயாத பெயிண்ட், கொட்டிக் கிடக்கும் உளி, சுத்தியல் எல்லாமே கண்ணில் படும்.

கண்காட்சிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். கண்காட்சியில் இருப்பது முடிந்த சரக்கு. இங்கே தெரிவது வேலை நடக்கும் பட்டறை.

ஓவியருக்கு என்ன லாபம்?

லாபம் இருக்கிறது. ஒரு படத்தை ஆர்ட் கேலரி மூலம் விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைகூட கேலரிக்கு கமிஷனாக போய்விடுவது உண்டு. ஸ்டூடியோவில் நேரடியாக விற்றால் அந்த பணம் ஓவியர் கைக்கே வரும்.

இன்னொரு விஷயமும் உண்டு. மாதக்கணக்கில் நாலு சுவருக்குள் தனியாக வேலை பார்க்கிறவருக்கு, நாலு பேர் வந்து "இது என்னங்க?" என்று கேட்பதே பெரிய தெம்பு.

சென்னையில் எங்கே?

சென்னை ஆயிரம் விளக்கு பகுதியில் கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் லலித் கலா அகாடமி மண்டல மையம் உள்ளது. ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, சுடுமண் வேலை ஆகியவற்றுக்கு இங்கே தனித்தனி பட்டறைகள் இருக்கின்றன. சொந்தமாக ஸ்டூடியோ வைக்க வசதி இல்லாத கலைஞர்கள் இங்கே வேலை செய்கிறார்கள். அதே வளாகத்தில் கண்காட்சி கூடமும் இருக்கிறது.

ஆனால் "கதவை திறந்து வைப்பது" என்பதையே வாழ்க்கை முறையாக வைத்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அதுதான் கிழக்கு கடற்கரை சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமம்.

வி.ஜி.பி.க்கும் மாமல்லபுரத்துக்கும் பஸ்சில் போகிறவர்கள் இந்த வாசலை தாண்டித்தான் போகிறார்கள். இறங்கி உள்ளே போகிறவர்கள் குறைவு. அந்த கிராமம் உருவான கதை தெரிந்தால், "பெரிய இடத்து சமாச்சாரம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது என்பது புரியும்.

தந்தி ஆபீசில் இருந்து தலைமை பதவிக்கு

சென்னை பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின்கலை கல்லூரிக்கு வேர் 1850-ம் ஆண்டிலேயே ஊன்றப்பட்டது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. பின்னர் அரசு எடுத்து நடத்தியது. படம் வரைவதோடு கைத்தொழில்களும் அங்கே கற்றுத்தரப்பட்டன.

அந்த பள்ளிக்கு தலைமை ஏற்ற முதல் இந்தியர் தேவி பிரசாத் ராய் சவுத்ரி. பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய வேலையை சென்னைக்காரர்கள் எல்லோருமே பார்த்திருப்பார்கள். மெரினா கடற்கரையில் 4 பேர் சேர்ந்து பாறையை நெம்பித் தள்ளும் உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். 1959-ம் ஆண்டு முதல் அது அங்கே நிற்கிறது.

அவருக்கு பின் 1957-ம் ஆண்டு தலைமை பொறுப்புக்கு வந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். 1911-ம் ஆண்டு கோவையில் பிறந்தவர். தந்தை இறந்ததால் படிப்பை பாதியில் விட்டுவிட்டு குடும்பத்தை காப்பாற்ற தந்தி இலாகாவில் வேலைக்கு சேர்ந்தார். பின்னர் அந்த வேலையை விட்டுவிட்டு, ஏறத்தாழ 25 வயதில்தான் ஓவியப்பள்ளியில் மாணவராக சேர்ந்தார். மாத சம்பளத்தின் அருமையும், அதை விட்டு வருவதில் உள்ள பயமும் அவருக்கு நன்றாகவே தெரியும்.

படித்து முடித்தால் சோறு எங்கே?

பணிக்கரை உறுத்திய கேள்வி ஒன்றுதான். ஒவ்வொரு ஆண்டும் மாணவர்கள் படித்து முடித்து வெளியே போகிறார்கள். அன்றைய சென்னையில் புது மாதிரி ஓவியங்களை விலை கொடுத்து வாங்க ஆள் இல்லை. விளம்பர கம்பெனியிலோ, துணி டிசைன் போடும் இடத்திலோ, பள்ளிக்கூடத்திலோ வேலை கிடைத்தால் உண்டு. கிடைத்தாலும் சொந்தமாக வரைய நேரம் இருக்காது. நல்ல கை திறமை உள்ள பையன்கள் சில வருடங்களில் தூரிகையையே மறந்துவிடுவார்கள்.

இதற்கு அவரும் மாணவர்களும் சேர்ந்து கண்டுபிடித்த வழி, கைவினை. 1960-களின் முற்பகுதியில் ஓவியர்கள் சேர்ந்து கைவினைஞர் சங்கம் ஒன்றை தொடங்கினார்கள். "பாத்திக்" துணிகள் செய்து விற்றார்கள். தோல், உலோகம், சுடுமண் பொருட்களும் செய்தார்கள். வயிற்றுக்கு கைவினை, மனசுக்கு ஓவியம் என்பதுதான் கணக்கு.

பாத்திக் எப்படி செய்கிறார்கள்?

மதுரை சுங்குடி சேலை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சுங்குடியில் துணியை நூலால் முடிச்சு போட்டு இறுக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் புள்ளி தெரியும்.

பாத்திக்கில் முடிச்சுக்கு பதில் மெழுகு. உருக்கிய சூடான மெழுகை தூரிகையில் தொட்டு துணியில் படம் வரைகிறார்கள். பிறகு துணியை ஆறிய சாயத்தில் முக்குகிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. காய்ந்ததும் மறுபடி மெழுகு, மறுபடி வேறு சாயம். எத்தனை நிறமோ, ஏறத்தாழ அத்தனை முறை இந்த வேலை. கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துவிடுவார்கள்.

மெழுகு காயும்போது அங்கங்கே விரிசல் விடும். அந்த விரிசல் வழியாக சாயம் இறங்கி நரம்பு நரம்பாக கோடு விழும். இரண்டு துணிக்கு ஒரே மாதிரி விழாது. பாத்திக்கின் அழகே அதுதான்.

சவுக்குத்தோப்பில் ஒரு ஊர்

இப்படி விற்று சேர்த்த காசில் 1966-ம் ஆண்டு ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். சுற்றிலும் மணலும் சவுக்கும்தான். கரண்ட் இல்லை. கூரை கொட்டகை போட்டுத்தான் முதலில் தங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக வீடும், வீட்டோடு சேர்த்து வேலை செய்யும் இடமும் கட்டிக்கொண்டார்கள்.

பொது கூடத்தில் எல்லோருடைய படைப்புகளும் விற்பனைக்கு வைக்கப்பட்டன. விற்ற பணத்தில் ஒரு பங்கு சங்கத்துக்கு. அதில்தான் பொது செலவு நடந்தது. திறந்தவெளி அரங்கு அமைத்து கவிதை வாசிப்பு, நாட்டியம் எல்லாம் நடத்தினார்கள்.

பழைய சோழ நாட்டை குறிக்கும் சோழமண்டலம் என்ற பெயரைத்தான் இந்த ஊருக்கு வைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் வாயில் அது "கோரமண்டல்" ஆகி, இந்த கிழக்கு கரைக்கே பெயராக நிலைத்ததும் தெரிந்த சேதிதான்.

சுல்தான் அலி, எஸ்.ஜி.வாசுதேவ், எம்.சேனாதிபதி, எஸ்.நந்தகோபால் போன்ற பெயர் பெற்ற கலைஞர்கள் இந்த ஊரோடு சேர்ந்தவர்கள். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பு, பித்தளை தகடுகளை வெட்டி, தட்டி, வெல்டிங் வைத்து சிற்பம் செய்தார். நம்மூர் பட்டறைகளில் கேட்கும் அதே சுத்தியல் சத்தம்தான் அவர் ஸ்டூடியோவிலும் கேட்டது. 2017-ம் ஆண்டு அவர் காலமானார்.

எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை

இந்த கதையில் சோகமும் உண்டு. கே.ராமானுஜம் என்ற இளைஞர் பேனாவும் மையும் கொண்டு கோட்டை, கோபுரம், பறக்கும் உருவங்கள் என்று கனவு நகரங்களை வரைந்தவர். மன நோயோடும் வறுமையோடும் போராடியவர். முப்பதை சற்றே தாண்டிய வயதில், 1973-ம் ஆண்டு, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று அவருடைய சித்திரங்களை தேடிப்பிடித்து பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்த பணம் அவருக்கு உதவவில்லை.

பணிக்கர் 1977-ம் ஆண்டு மறைந்தார். சிலர் பாரிசுக்கும், பெங்களூருக்கும், கேரளாவுக்கும் போனார்கள். முதல் தலைமுறையில் பலர் இன்று உயிரோடு இல்லை.

சவுக்குத்தோப்பாக இருந்த ஈஞ்சம்பாக்கம் 2011-ம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சுற்றிலும் பங்களாக்கள், ஓட்டல்கள். நிலத்தின் மதிப்பு கோடிகளில் பேசப்படுகிறது. அப்படி ஒரு இடத்தில் ஓவியர்களின் ஊர் 50 ஆண்டுகளை தாண்டி நிற்பதே அதிசயம்தான். அது தொடர்ந்து நிற்க வேண்டுமானால், வாசலை தாண்டி ஜனங்கள் உள்ளே வர வேண்டும்.

போனால் என்ன பார்க்கலாம்?

2009-ம் ஆண்டு இங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. "மெட்ராஸ் பாணி" ஓவியர்களின் படைப்புகள் ஒரே இடத்தில் உள்ளன. இதற்கு சிறிய அளவில் கட்டணம் வாங்குவது வழக்கம். வெளியே தோட்டத்தில் மரத்தடியில் கல், உலோக சிற்பங்கள் நிற்கின்றன. கண்காட்சி கூடங்களில் படங்கள் அடிக்கடி மாறும்.

திருவான்மியூரில் இருந்து கிழக்கு கடற்கரை சாலை வழியாக கோவளம் பக்கம் போகும் பஸ்சில் ஏறி ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினால் போதும்.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. உள்ளே இருப்பவை வீடுகள். கூடமும் தோட்டமும் பொது. வீட்டு ஸ்டூடியோவுக்குள் போக வேண்டுமானால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"புரியவில்லை" என்று சொல்லலாமா?

தாராளமாக சொல்லலாம். ஸ்டூடியோவுக்கு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவ்வளவுதான்.

* வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பார்த்துவிட்டு திரும்பி வருவது மரியாதை குறைவு ஆகாது.

* "இது என்ன அர்த்தம்?" என்று கேட்க கூச்சமாக இருந்தால் "இதை எப்படி செஞ்சீங்க?" என்று கேளுங்கள். வேலையை பற்றி கேட்டால் எந்த தொழிலாளியும் பேசுவார். ஓவியரும் அப்படித்தான்.

* படத்தை தொடக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய் பசை படத்தை கெடுக்கும். போட்டோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

* வாங்க ஆசை, ஆனால் கையில் காசு குறைவு என்றால் அச்சு ஓவியம் பற்றி கேளுங்கள். உலோக தகட்டிலோ மரப்பலகையிலோ செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அதன் அடியில் பென்சிலில் 3/20 என்று எழுதி இருந்தால், மொத்தம் எடுத்த 20 பிரதிகளில் அது 3-வது என்று அர்த்தம். ஒரே படமாக இருக்கும் ஓவியத்தை விட இதன் விலை பெரும்பாலும் குறைவு.

* பிள்ளைகளை கண்டிப்பாக அழைத்துப்போங்கள். நோட்டு புத்தகத்தின் கடைசி பக்கத்தில் படம் போட்டு வாத்தியாரிடம் அடி வாங்கும் பையனுக்கு, இதையே தொழிலாக செய்கிறவர்கள் இருக்கிறார்கள், வீடு கட்டி இருக்கிறார்கள், ஒரு ஊரையே கட்டி இருக்கிறார்கள் என்று நேரில் காட்டுவது பெரிய விஷயம்.

சோழமண்டலத்தின் நிலம் எந்த ஜமீன்தாரும் எழுதிக்கொடுத்தது அல்ல. மெழுகு உருக்கி, கையில் சாயக்கறை ஏற, துணி விற்று வாங்கியது. உழைத்து சாப்பிடுகிறவர்கள் உள்ளே போக தயங்க வேண்டிய இடம் அது இல்லை.