நம்ம ரத்த அணுவே மருந்தாகுமா?



போன மாதம் வெள்ளானூரில் கூட்டம் முடிந்து எல்லோரும் கையெழுத்துப் போடும்போது ஒரு உறுப்பினர் கேட்டார்: "நம்ம ரத்தத்தை எடுத்து, என்னமோ மாத்தி, திரும்ப ஏத்தினா கேன்சர் போயிடுதாமே, நிசமாக்கா?" அவருடைய ஓரகத்திக்கு மார்பகப் புற்றுநோய். மனையை விற்கலாமா என்று வீட்டில் பேச்சு. எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. விசாரித்து எழுதுகிறோம்.

விஷயம் நிசம்தான். கார் டி செல் சிகிச்சை என்று பெயர். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகை டி செல். கிருமி பாதித்த அணுக்களைக் கண்டுபிடித்துக் கொல்வது அதன் வேலை. புற்றுநோய் அணு வெளியிலிருந்து வந்ததல்ல, நம் உடம்பிலேயே பிறந்து கெட்டுப்போனது. அதனால் டி செல் பல நேரம் அதை வீட்டு ஆள் என்று விட்டுவிடுகிறது.

நோயாளியின் ரத்தத்தை மெஷின் வழியே ஓடவிட்டு இந்த அணுக்களைப் பிரிக்கிறார்கள். மீதி ரத்தம் உடம்புக்கே திரும்பிவிடும். பிறகு லேபில் அந்த அணுவுக்குள் புதிதாக ஒரு ஜீனைச் சேர்க்கிறார்கள். அணு என்ன செய்யணும் என்று எழுதி வைத்த தீர்மான நோட்டு மாதிரி ஜீன்கள். நோட்டில் ஏறினால்தானே நம்ம குழுவிலும் காரியம் நடக்கும்! 'இந்த அடையாளம் உள்ள அணுவைப் பிடி' என்று அதில் ஒரு வரி கூடுகிறது. அதை உள்ளே கொண்டு சேர்ப்பது ஒரு வைரஸ். நோய் தராதபடி மாற்றிய வைரஸ், பயம் வேண்டாம். மாறிய அணுக்களைப் பெருக்கி, நோயாளிக்கே திரும்ப ஏற்றுகிறார்கள்.

மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. சில வகை ரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் மட்டும்தான் இது. அதிலும் மற்ற மருந்து கேட்காதவர்களுக்கு, நோய் திரும்பி வந்தவர்களுக்கு. ஆய்வில் பத்துக்கு ஏழு பேருக்குப் பலன் தெரிந்தது. கடும் காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம், அதனால் பெரிய ஆஸ்பத்திரியில்தான் செய்ய முடியும். நம் வேலூர் சி.எம்.சி.யில் அங்கேயே அணுவைத் தயார் செய்து 10 பேருக்குக் கொடுத்த ஆய்வின் முடிவும் 2025-ல் வெளிவந்தது.

வெளிநாட்டில் இதற்கு 3, 4 கோடி ரூபாய். இங்கே 30 லட்சத்துக்கு மேல். முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம். குழுக் கடன் எந்த மூலைக்கு?

மார்பகப் புற்றுநோய்க்கு இந்தச் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் இருக்கிறது. அதற்கான ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது எல்லாம் அரசு ஆஸ்பத்திரியிலேயே உண்டு. மனையை விற்க வேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டோம். காப்பீட்டு அட்டையோடு ஓரகத்தியை ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு வரும் வாரம் அழைத்துப் போகிறோம்.