கையோடு கருவி – 9
விரிசலுக்கு முதல் கருவி பென்சில்

சென்ற வாரம் ஒழுகும் கூரையைப் பார்த்தோம். இந்த வாரம் சுவர். அதற்காகத் தெல்தெனியவில் இருக்கும் என் சின்னம்மா வீட்டுக்குப் போக வேண்டும்.

பழைய தெல்தெனிய நகரம் இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. மகாவலியை மறித்து 122 மீற்றர் உயரத்துக்கு எழுப்பிய விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. கடைத்தெரு நீர்த்தேக்கத்துக்குள் போக, ஊர் மேட்டுக்கு ஏறியது. கடும் வரட்சியில் நீர் வற்றினால் பழைய கட்டடங்களின் இடிபாடுகள் தலைகாட்டும். மேட்டிலேயே இருந்ததால் சின்னம்மா வீடு தப்பியது. அதன் பின்னறை கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகப் பழைய நாளில் கட்டியது. செங்கல்லும் சீமெந்துமான முன்பக்கம் பிறகு சேர்த்தது.

2020 ஆகஸ்ட் 29 இரவு, விக்டோரியாவை அண்டிய ஹாரகம, அனுரகம பக்கங்களில் நிலம் அதிர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இன்னும் சில தடவை அதிர்ந்தது. வீட்டுச் சுவரை எல்லோரும் உற்றுப் பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். சின்னம்மா வீட்டில் முன்னறையில் ஒரு விரிசல், பின்னறையில் ஒரு விரிசல். வந்த பாஸ் இரண்டையும் ஒரே நாளில், ஒரே சீமெந்துச் சாந்தால் அடைத்துவிட்டுப் போனார். முன்னறை நின்றது. பின்னறையில் அடுத்த மழைக்கே ஒட்டு பாளமாகக் கழன்று விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன்: சீமெந்து உடையவே இல்லை. அதன் முதுகில் பழைய சுண்ணாம்பு ஒரு விரல் தடிப்புக்குப் பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். சுண்ணாம்புச் சுவர் மென்மையானது. மழைக்கு ஈரம் குடிக்கும், வெயிலுக்கு வெளியே விடும், கொஞ்சம் அசைந்தும் கொடுக்கும். சீமெந்து இறுகிப் பிடிக்கும், ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தேங்கிய ஈரம் பக்கத்துச் சுண்ணாம்பை அரித்துவிடும். ஒட்டுகிற சாந்து சுவரைவிட வலுவாக இருக்கக் கூடாது. கடையில் “நல்ல ஸ்ட்ரோங்கானது” என்று எடுத்துத் தந்தால், பழைய சுவர்க்காரர்கள் வாங்காமல் திரும்புங்கள்.

பின்னறைக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல் என்று கலந்தோம். திகன பக்கத்து நிலத்தடியில் இருப்பது டொலமைட் பாறை. அப்படிப்பட்ட கல்லைச் சுட்ட சுண்ணாம்பில் மக்னீசியமும் சேர்ந்திருக்கும், அது தண்ணீரில் நீறச் சுணங்கும். சரியாக நீறாததைப் பூசினால், மாதங்கள் கழித்துச் சுவருக்குள்ளேயே ஊதிக் கொப்புளம் கொப்புளமாகத் தெறிக்கும். நீறிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, அரித்து எடுத்தே பாவியுங்கள். சுடு சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள்.

மணலுக்குக் கண்ணாடிப் போத்தல் ஒன்று போதும். பாதிக்கு மணலும் மேலே தண்ணீருமாகக் குலுக்கி, இரவு முழுக்க அசையாமல் வையுங்கள். விடிந்து பார்த்தால் மணலுக்கு மேல் சேறு தனிப் படையாக நிற்கும். அது பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் மணலைக் கழுவாமல் கலக்காதீர்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். உளி, சிறிய சுத்தியல், கம்பி பிரஷ், மேசன் கரண்டி. கிரைண்டரை இரவல் தர ஆள் இருப்பார், பழைய சுவரில் அதை வைக்காதீர்கள். அதன் அதிர்வு நல்லாயிருக்கிற சாந்தையும் உதிர்த்துவிடும். உளியால் விரிசலை ஒரு சென்ரிமீற்றர் அகலத்துக்குத் திறந்து, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளித்து, பிறகு சாந்தை அழுத்தி நிரப்புங்கள். கரண்டியை மட்டும் காசு பார்க்காமல் நல்லதாக வாங்குங்கள். மெல்லிய தகட்டுக் கரண்டி வளைந்துகொடுக்கும், சாந்து உள்ளே போகாது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியதை அந்த பாஸ் செய்யவில்லை, நாங்களும் அவரைக் கேட்கவில்லை. விரிசல் இன்னும் வளர்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இரண்டாம் முறை சின்னம்மாவே பென்சில் எடுத்தார். விரிசலின் இரு முனையிலும் குறுக்கே சின்னக் கோடு, பக்கத்தில் தேதி. நடுவில் இரு கரையிலும் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைவெளியை அடிமட்டத்தால் அளந்து எழுதினார். மாதம் ஒரு தடவை, ஒரு மழைக்காலமும் ஒரு வெயிற்காலமும் பார்த்தார். கோட்டைத் தாண்டவில்லை, இடைவெளியும் கூடவில்லை. அதன் பிறகே சாந்து குழைத்தோம்.

உங்கள் சுவரில் விரிசல் கோட்டைத் தாண்டினால் சாந்து வாங்கப் போகாதீர்கள், பொறியியலாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். கண்டிச் சரிவுகளில் இருப்பவர்கள் இன்னும் கவனமாகப் பாருங்கள்: நிலமும் சேர்ந்து வெடித்திருந்தால், கதவு திடீரென்று இறுகினால், முற்றத்து மரம் சாய்ந்திருந்தால், அது மண்சரிவின் அறிகுறி. வீட்டை விட்டு வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு உடனே சொல்லுங்கள்.