பால்வாடியில் பழகிய கை

பெரம்பலூர் மாவட்டத்துக் கிராமங்களில், தாள் அறுத்த சின்ன வெங்காயம் பட்டறையில் ஏறுவதற்கு முன் களத்தில் குவிந்து கிடக்கும் நாட்களில், பெரியவர்களுக்கு இடைஞ்சலாக நடுவில் உட்கார்ந்துகொண்டு, பெரிய காயை ஒரு பக்கமும் பொடிக்காயை மறுபக்கமும் ஒதுக்கி, இரண்டிலும் சேராத காய் ஒன்று அகப்பட்டுவிட்டால் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசிக்கிற நான்கு வயதுக் குழந்தையைக் காணலாம். அதட்டி எழுப்பிவிடுவதே நம் சம்பிரதாயம். அக்குழந்தையோ காலையில் பால்வாடியில் செய்த வேலையைத்தான் மாலையில் தொடர்ந்துகொண்டிருக்கிறது.

1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகளைச் சத்துமாவும் முட்டையும் தரும் இடமென்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். முன்பருவக் கல்வியும் அதன் பிரதான அங்கங்களுள் ஒன்று. தமிழகத்தில் அதற்கென வகுத்த பாடத்திட்டத்திற்கு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று பெயர். விதைகளை இனம் பிரிப்பதும், மணி கோப்பதும், களிமண் பிசைவதும் இவ்வயதிற்குரிய பாடங்கள்.

கைவழிக் கல்விக்கு உலகெங்கும் ஆதரவு தேடித் தந்தவர்களுள் ஒருவரான மரியா மாண்டிசோரி, 1907இல் ரோமாபுரியில் ஏழைக் குழந்தைகளுக்காக முதல் இல்லத்தைத் திறந்தவர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு ஆசிரியப் பயிற்சியளிக்க வந்து, யுத்தம் மூண்டிருந்தமையால் திரும்ப இயலாது, 1946 வரை இந்நாட்டிலேயே தங்கியவர். அவருடைய சாதனங்களில் ஒன்று, ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை படிப்படியாகப் பெருத்துச் செல்லும் பத்து மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. ஒரு கட்டை இடம் மாறினாலும் கோபுரம் கோணிக்கொண்டு, தவற்றைக் குழந்தையின் கண்ணுக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஆசிரியை வாய் திறக்க வேண்டிய அவசியமில்லை.

வகுப்பில் கற்றது வீட்டு விளையாட்டில் தலைகாட்டுவதன் சூட்சுமம், என் அபிப்பிராயத்தில், இதுவே. மனப்பாடப் பாட்டு ஒப்பிப்பதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். சரி பிழையைப் பொருளே சொல்லிவிடும் பாடத்திற்கு ஒருவரும் வேண்டுவதில்லை. ஆகையால் மரக்கட்டை இல்லாத வீட்டில் வெங்காயமும், மணி இல்லாத வீட்டில் தென்னங்குரும்பையும், நீர் ஊற்றிப் பழகிய கைக்குச் சொப்புச் சாமானும் போதுமானவையாகின்றன. தனியார் மழலையர் பள்ளிக்கு மாதக் கட்டணம் செலுத்தும் பெற்றோர், நோட்டுப் புத்தகம் நிரம்பவில்லையே என்று விசாரப்படுவது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

எதைக் கொடுப்பது என்பதில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகள் புளியங்கொட்டையை மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளக்கூடும். அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்புகளை அடுத்த வீடுகளில், ஓடு நீக்காத பச்சை முந்திரிக்கொட்டையை எந்த வயதுக் குழந்தையிடமும் கொடுக்கலாகாது. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும்.