புகைவழித் தடுப்பும் அதன் பேணலும்

கோலா கெத்திலிலிருந்து பாலிங் வழியாகக் கிரிக் சென்று, கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மலை கடக்கும் கனவுந்துகளை நாம் அறிவோம். ஏற்றத்தைவிட இறக்கமே அவற்றுக்குச் சோதனை. காலால் மிதிக்கும் சக்கரத் தடுப்பை நீண்ட இறக்கத்தில் இடைவிடாது அழுத்தினால், அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். உயிருக்கே இடர் நேரும். ஓட்டுநர்கள் ‘எக்ஸாஸ்ட் பிரேக்’ என வழங்கும் கருவி அப்போது துணை நிற்கிறது. அதனை நாம் புகைவழித் தடுப்பு எனலாம். புகைக்குழாயிலுள்ள வால்வு மூடிக்கொள்ள, உள்ளே தேங்கும் வளியின் அழுத்தம் பிஸ்டன்களை எதிர்த்து வண்டியின் வேகத்தைத் தணிக்கிறது.

இது இயங்காவிடில், முதலில் மின்னிணைப்பையும் மிதிகளை அடுத்துள்ள சுவிட்சுகளையும் பார்த்தல் வேண்டும். அடுத்துக் காற்றுக்குழாயில் கசிவு உண்டா என்று நோக்குதல் வேண்டும். இறுதியாக வால்வின் அச்சைச் சோதித்தல் வேண்டும். புகைக்கரி படிந்து அச்சு இறுகுவது அடிக்கடி காணும் பழுது. நெடுநாள் பயன்படுத்தாத வால்வு எளிதில் இறுகிவிடும். நாள்தோறும் சிலமுறை இயக்குவதே நல்ல பேணல். வால்வு மூடியவாறே சிக்கிக்கொண்டால் எந்திரம் வலுவிழந்து கரும்புகை கக்கும். குழாய் நன்கு ஆறிய பின்னரே அச்சுக்கு வெப்பந்தாங்கும் மசகிடுதல் வேண்டும்.

இறக்கத்தில் குறைந்த கியரில் செல்லும்போதே இதன் பயன் மிகும். சக்கரத் தடுப்புக்கு இது மாற்றன்று. நெருக்கடி வேளைக்கு அதன் வலிமையைக் காத்துவைக்கும் துணையே ஆகும்.