தையல் மிஷின் வந்தது, தொழில் வந்ததா?
ரோட்டரி அறக்கட்டளை நிதி உதவி முறையை மாற்றியதும், அதில் நமக்குள்ள பாடமும்



ரோட்டரி என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. போலியோ சொட்டு மருந்து முகாம் பேனரில் சக்கரம் போட்ட அந்தச் சின்னத்தைப் பார்த்திருப்போம். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, கண் சிகிச்சை முகாம், தையல் மிஷின் என்று அவர்கள் மூலம் உதவிகள் வருவதும் தெரியும். "ரோட்டரிக்காரங்ககிட்ட கேட்டா குடுப்பாங்களாமே, ஒரு மனு எழுதித் தாங்க" என்று குழுக் கூட்டங்களில் கேட்பவர்கள் நிறையப் பேர்.

மனு எழுதும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. ரோட்டரி சங்கங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய அறக்கட்டளை இருக்கிறது. அது நிதி கொடுக்கும் முறையையே 2013-ல் மாற்றிவிட்டது. "என்ன கொடுக்கலாம்?" என்ற கேள்வியோடு, "கொடுத்த பிறகு அது நிலைக்குமா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தது. இந்த மாற்றம் தெரிந்தால் யாரிடம், எதை, எப்படிக் கேட்பது என்பது நமக்குத் தெளிவாகும்.

இது யாருடைய பணம்?

1905-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியதுதான் ரோட்டரி சங்கம். 1917-ல் அதன் தலைவராக இருந்த ஆர்ச் கிளம்ஃப், உலகத்துக்கு நன்மை செய்ய ஒரு நிரந்தர நிதி வேண்டும் என்ற யோசனையைச் சொன்னார். அந்த நிதிக்கு வந்த முதல் நன்கொடை வெறும் 26 டாலர் 50 சென்ட். கன்சாஸ் சிட்டி என்ற ஊரின் சங்கம் கொடுத்தது. வாரம் 10 ரூபாய், 20 ரூபாய் சந்தாவில் ஆரம்பித்த நமக்கு இதன் அருமை புரியும்.

இன்று உலகம் முழுவதும் உள்ள ரோட்டரி உறுப்பினர்கள் ஆண்டுதோறும் இதில் பணம் போடுகிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1989-ல்தான் பெண்களும் உறுப்பினராகலாம் என்று உலகம் முழுவதற்குமான விதியை மாற்றினார்கள். 2022-ல் கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் முதல் பெண் தலைவரானார். ஆக, பழைய விதியை மாற்றுவது அவர்களுக்குப் புதிதல்ல.

பழைய முறை எப்படி இருந்தது?

வருஷம் போகப் போக அறக்கட்டளையில் பல திட்டங்கள் சேர்ந்தன. 1947-ல் 18 மாணவர்களுக்கு வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை கொடுத்தார்கள். 1965-ல் மேட்சிங் கிராண்ட் வந்தது. அதாவது இரண்டு நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஒரு தொகை போட்டால், அறக்கட்டளையும் தன் பங்கைப் போடும். 1978-ல் உடல்நலம், பசி, மனித மேம்பாடு என்ற மூன்றுக்கும் பெரிய நிதித் திட்டம் ஒன்று வந்தது. அந்த நிதியில்தான் 1979-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குப் போலியோ மருந்து கொடுக்கும் வேலை தொடங்கியது. நம் கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நின்ற சொட்டு மருந்து வரிசைக்கு அது ஒரு முன்னோடி.

நல்ல திட்டங்கள்தான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி விதி. உலகின் பல மூலைகளிலிருந்தும் சின்னச் சின்னக் கோரிக்கைகள் தலைமை அலுவலகத்துக்குப் போய்க் குவிந்தன. சின்னத் தொகையானாலும் பெரிய தொகையானாலும் பரிசீலனை, பணம் அனுப்புதல், அறிக்கை வாங்குதல் எல்லாம் உண்டு. பணமும் பல திசையில் சிதறியது.

நம் குழுவை வைத்தே யோசித்துப் பாருங்கள். உள்கடனை எல்லோருக்கும் 500, 500 என்று பிரித்துக் கொடுத்தால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. ஆனால் அந்த 500-ல் ஒரு ஆடு வாங்க முடியுமா? செலவாகிப் போகும், அவ்வளவுதான்.

என்ன மாற்றினார்கள்?

அறக்கட்டளைக்கு 2017-ல் நூறு வயது ஆகப்போகிறது, அடுத்த நூறு ஆண்டுக்குத் தயாராக வேண்டும் என்று யோசித்து ஒரு திட்டம் தீட்டினார்கள். எதிர்காலப் பார்வைத் திட்டம் என்று அதற்குப் பெயர். உடனே எல்லா இடத்திலும் கொண்டுவரவில்லை. 2010 ஜூலையில் 100 ரோட்டரி மாவட்டங்களில் மட்டும் மூன்று ஆண்டு சோதனை செய்து பார்த்தார்கள். பிறகுதான் 2013 ஜூலை 1 முதல் எல்லா இடத்துக்கும் கொண்டுவந்தார்கள். (ரோட்டரி மாவட்டம் என்பது நம் கலெக்டர் மாவட்டம் இல்லை. பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்த ஒரு பகுதி.)

புதிய முறையில் முக்கியமாக இரண்டு வழிகள்:

1. மாவட்ட நிதி. சின்ன வேலைகளுக்கு. உறுப்பினர்கள் ஒரு ஆண்டில் போடும் ஆண்டு நிதியை மூன்று ஆண்டு முதலீடு செய்து வைக்கிறார்கள். அதன் பிறகு ஏறக்குறைய பாதி அந்தந்த மாவட்டத்தின் உபயோகத்துக்கு வருகிறது. அதில் பாதி வரை மாவட்டம் ஆண்டுக்கு ஒரு முறை மொத்தமாக வாங்கி, தன் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். சின்ன வேலைக்கு யாருக்கு எவ்வளவு என்று மாவட்டமே முடிவு செய்யும். அமெரிக்காவுக்கு மனு போகத் தேவையில்லை.

2. உலக நிதி உதவி, அதாவது குளோபல் கிராண்ட். பெரிய வேலைகளுக்கு. திட்டத்தின் மொத்த மதிப்பு குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும். டாலர் 85 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 25 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். வேலை நடக்கும் ஊரின் சங்கம் ஒன்று, வெளிநாட்டுச் சங்கம் ஒன்று என இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

நம் குழுவிலும் இதே வழக்கம்தானே? அவசரத்துக்கு உள்கடன் என்றால் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு முடித்துவிடுகிறோம். பெரிய வங்கிக் கடன் என்றால் தர மதிப்பீடு, நோட்டுப் புத்தகம், மேலாளர் நேரில் வந்து பார்ப்பது எல்லாம் உண்டு. தொகைக்கு ஏற்ற விசாரணை.

பெரிய நிதி எதற்குக் கிடைக்கும்?

கண்டதுக்கும் கொடுக்கக் கூடாது என்று முதலில் ஆறு துறைகளைக் குறித்தார்கள். அமைதி, நோய்த் தடுப்பு, குடிநீரும் சுகாதாரமும், தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வியும் எழுத்தறிவும், சமுதாயப் பொருளாதார மேம்பாடு ஆகியவை அந்த ஆறு. 2021 ஜூலை முதல் சுற்றுச்சூழலும் ஏழாவதாகச் சேர்ந்தது.

துறை பொருந்தினால் மட்டும் போதாது. இன்னும் சில நிபந்தனைகள் இருக்கின்றன:

• ஊரில் கேட்டாக வேண்டும். உண்மையில் என்ன தேவை என்று மக்களிடம் ஆய்வு செய்து காட்ட வேண்டும். 2018 ஜூலை முதல் பெரிய நிதிக்கு இது கட்டாயம். கோலப்பொடியில் ஊர் வரைபடம் போட்டு, எந்தத் தெருவில் தண்ணீர் இல்லை என்று நாம் குறித்துக் காட்டியது போன்ற வேலைதான் இது.

• நிலைத்து நிற்க வேண்டும். நிதி தீர்ந்த பிறகு யார் நடத்துவார்கள், செலவுக்கு என்ன வழி என்று முன்பே சொல்ல வேண்டும்.

• பலனை அளந்து காட்ட வேண்டும். எத்தனை மிஷின் கொடுத்தோம் என்ற கணக்கோடு நிற்காமல், எத்தனை பேருக்கு என்ன மாறியது என்பதையும் சொல்ல வேண்டும்.

• கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். நிதி வாங்கும் சங்கம் பயிற்சி பெற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். வங்கிக் கணக்கில் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்து. ரசீதுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாக்க வேண்டும். பெரிய சங்கத்துக்கும் ஊக்குநர், பிரதிநிதி மாதிரி இரட்டைக் கையெழுத்துதான் பாருங்கள்!

நிலம், கட்டிடம் வாங்க இந்த நிதி கிடைக்காது. ஏற்கனவே முடிந்த வேலைக்குப் பின்னால் பணம் தரமாட்டார்கள். எதற்கு என்று சொல்லாமல் ரொக்கமாகக் கையில் கொடுக்கவும் விதியில் இடமில்லை.

இதில் குறையே இல்லையா?

இருக்கிறது. 25 லட்ச ரூபாய்க்குத் திட்டம் போட ஒரு சின்ன ஊரால் எளிதில் முடியாது. எழுதத் தெரிந்தவர்கள், வெளிநாட்டில் தொடர்பு உள்ள சங்கங்கள் முன்னால் போய்விடலாம். மலையடிவாரத்தில் 40 வீடுகள் உள்ள ஊருக்கு ஒரு கைப்பம்பு போதும் என்றால், அது பெரிய நிதிக்குள் அடங்காது. மாவட்ட நிதியைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பணமோ அளவானது.

பெரிய நிதிக்கும் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஆரம்பத்தில் மாவட்டம் தன் நிதியிலிருந்து 1 டாலர் போட்டால், அறக்கட்டளையும் 1 டாலர் போட்டது. பின்னால் அதை 80 சென்ட்டாகக் குறைக்க வேண்டி வந்தது. கொடுப்பவர் கையிலும் பணம் அளவோடுதான் இருக்கிறது. அதனால்தான் எந்த வேலை நிலைக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு உதாரணம். ஒரு ஊரில் பத்து தையல் மிஷின் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "பத்து மிஷின் தாருங்கள்" என்பது பழைய மனு. புதிய மனுவில் இதெல்லாம் இருக்கும்: எங்கள் ஊரில் தையல் தெரிந்த பெண்கள் இத்தனை பேர். கற்றுக்கொள்ள வருபவர்கள் இத்தனை பேர். பள்ளிச் சீருடை ஆர்டர் கிடைக்க வாய்ப்பு உள்ளது. மிஷின் எங்கள் கூட்டமைப்பு அறையில் இருக்கும். ரிப்பேர் செலவுக்கு ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பங்கு எடுத்து வைப்போம். இந்த மனுவை எழுத நமக்கு ஒரு கூட்டமும் ஒரு தீர்மான நோட்டும் போதும். வேறு யாரும் நமக்காக எழுத வேண்டியதில்லை.

கவனத்தில் வைக்க வேண்டியவை:

• ரோட்டரி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. சின்ன உதவி என்றாலும் அதற்குச் சில மாதம் முன்பே பக்கத்து ஊர்ச் சங்கத்திடம் பேசிவிடுங்கள். ஒரு குழு தனியாக அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்க முடியாது. சங்கம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

• "ரோட்டரி நிதி வாங்கித் தர்றேன், ஆளுக்கு ஆயிரம் குடுங்க" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். பயனாளிகளிடம் பணம் வசூலித்து நிதி கொடுப்பது அவர்கள் விதிக்கே விரோதம்.

• வெளிநாட்டுப் பணத்தைக் குழுவின் கணக்கில் போட்டு எடுத்துத் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன்படி மத்திய அரசிடம் பதிவு அல்லது முன் அனுமதி உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பின், வாங்கியவர் அதை வேறு அமைப்புக்கு மாற்றவும் முடியாது.

• "வேண்டாம்" என்று சொல்லவும் நமக்கு உரிமை உண்டு. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் தருகிறோம் என்றால், கரண்ட் பில் யார் கட்டுவது, ஃபில்டர் மாற்றப் பணம் எங்கிருந்து வரும் என்று வாங்கும் முன் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கொடுப்பவர்களே இன்று இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

உதவி வாங்கும் இடத்தில் கைகட்டி நின்று பழகிவிட்டோம். ஆனால் இந்தப் புதிய விதியில் ஊரின் பேச்சுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. அந்த இடத்தில் நாம் பேசாவிட்டால், நம் ஊரின் தேவையை வேறு யாராவது எழுதிவிடுவார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, மூன்று கேள்விகளைப் பேசுங்கள். நம் ஊருக்கு வந்த உதவிகளில் இன்றும் பயன்படுவது எது? நின்றுபோனது எது, ஏன்? இனி ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் எதைக் கேட்போம், அதை யார் பராமரிப்போம்? பேசி எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.