கோச் அறையில் முடிக்கக் கூடாத புகார்

மைதானத்தில் பேர் வாங்கிய ஒரு மாணவர்மீது பாலியல் புகார் எழுந்தால், அது பல நேரம் முதலில் போய்ச் சேருவது பயிற்சியாளரிடம்தான். "சீசன் முடியட்டும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று அவர் சொல்லும்போது அக்கறையாகத்தான் தெரியும். ஆனால் அணியை ஜெயிக்க வைப்பது அவர் வேலை. அதே அணியின் நட்சத்திர வீரரைப் பற்றிய விசாரணையையும் அவர் கையில் விட்டால், புகார் கொடுத்தவருக்கும் நியாயம் கிடைக்காது, பழி சுமப்பவருக்கும் கிடைக்காது. கல்லூரி விளையாட்டில் பெரும்பணம் புரளும் அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

பேய்லரும் டியூக்கும்

டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகரில் இருக்கிறது பேய்லர் பல்கலைக்கழகம். அங்கே கால்பந்து வீரர்கள்மீது (அமெரிக்கக் கால்பந்து) பாலியல் வன்முறைப் புகார்கள் அடுத்தடுத்து வந்தன. பல்கலைக்கழகம் 2015இல் வெளியிலிருந்து ஒரு சட்ட நிறுவனத்தை விசாரணைக்கு அமர்த்தியது. 2016 மே மாதம் அதன் முடிவுகள் வெளியாயின. அணி நிர்வாகத்தினர் புகார் சொன்னவர்களை நேரில் சந்தித்துப் பேசியிருந்தார்கள். ஆனால் விஷயத்தை உரிய அதிகாரிக்குத் தெரிவிக்கவில்லை. வீரர்களின் ஒழுங்கு விவகாரங்களைத் தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும் தனி வழக்கமும் வைத்திருந்தார்கள். புகார்களைக் கவனிக்க முழுநேர அதிகாரி ஒருவரைப் பல்கலைக்கழகம் நியமித்ததே 2014 நவம்பரில்தான். தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் பதவி இழந்தார். பல்கலைக்கழகத் தலைவர் பொறுப்பிலிருந்து கென் ஸ்டார் நீக்கப்பட்டார். ஆனால் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, இந்தத் தவறுகளைத் தண்டிக்கத் தன் விதிகளில் இடமில்லை என்று 2021இல் சொல்லிவிட்டது.

டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. 2006இல் அதன் லக்ராஸ் (வலைக்கோலால் ஆடும் பந்தாட்டம்) அணி வீரர்கள் மூவர்மீது பாலியல் வன்முறை வழக்கு போடப்பட்டது. ஊரே கோபத்தில் கொதிக்க, விசாரணை முடியும் முன்பே அணியின் சீசன் ரத்தானது, பயிற்சியாளர் விலகினார். வீரர்களுக்குச் சாதகமான டி.என்.ஏ. தகவலை அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் மறைத்தது பிறகு தெரியவந்தது. 2007 ஏப்ரலில் வட கரோலினா அட்டர்னி ஜெனரல் வழக்கைக் கைவிட்டதோடு, மூவரும் நிரபராதிகள் என்றே அறிவித்தார். நைஃபாங்கின் வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டது.

பேய்லரில் அணியின் நலனும் டியூக்கில் ஊரின் கோபமும் விசாரணையை முந்திக்கொண்டன. இரண்டு இடத்திலும் இல்லாமல் போனது ஒன்றுதான்: யாருக்கும் கட்டுப்படாத, முறையான விசாரணை.

அமெரிக்காவில் படிப்பவர்களுக்கு

மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் 'டைட்டில் நைன்'. பாலியல் துன்புறுத்தலும் அதில் அடங்கும். 2024இல் வந்த புதிய விதிகளை 2025 ஜனவரியில் நீதிமன்றம் ரத்து செய்ததால், 2020ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் சாரம் இது:

• முறையான புகார் கொடுக்காவிட்டாலும் வகுப்பு மாற்றம், விடுதி மாற்றம், மனநல ஆலோசனை போன்ற உதவிகளைக் கேட்கலாம்.
• பொறுப்பாளி என்று முடிவாகும்வரை எதிர்த்தரப்பைக் குற்றவாளியாகக் கருதக் கூடாது.
• இரு தரப்பும் ஆதாரங்களைப் பார்வையிடலாம். வழக்கறிஞரையோ நம்பகமான ஒருவரையோ ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம்.
• கல்லூரிகளில் நேரடி விசாரணை உண்டு. குறுக்கு விசாரணையை ஆலோசகர்தான் செய்ய வேண்டும். ஆலோசகர் இல்லாதவருக்குப் பல்கலைக்கழகமே கட்டணமின்றி ஒருவரைத் தர வேண்டும். எதிர்த்தரப்பின் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டால் தனித்தனி அறைகளிலிருந்து வீடியோவில் கலந்துகொள்ளலாம்.
• புலனாய்வு செய்தவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது. மேல்முறையீடு இரு தரப்புக்கும் உண்டு. பழிவாங்குவது விதிமீறல்.

பல்கலைக்கழகம் கைவிரித்தால் மத்திய கல்வித்துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்துக்குப் போகலாம். அதற்குப் பொதுவாக 180 நாள் கெடு. எஃப்-1 விசாவில் இருப்பவர்மீது புகார் வந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: இடைநீக்கம் செய்யப்பட்டால் மாணவர் விசாத் தகுதியே போய்விடலாம். அதனால் முதல் கடிதம் வந்த அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

நம் கல்லூரிகளில்

இந்தியாவில் வழிகாட்டுவது பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015ஆம் ஆண்டு விதிமுறைகளும். ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்றவர்கள் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது. அதிகாரத்தில் இருப்பவரின் நிழல் விசாரணைமேல் விழக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த மாணவர் என்பதற்காக உடற்கல்வி இயக்குநர் அறையில் வேறொரு பஞ்சாயத்து நடக்க எந்த விதியும் இடம் தரவில்லை.

சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் அவகாசம் தரலாம். புகாரின் நகல் 7 நாளில் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். பதில் தர அவருக்கு 10 நாள். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். முடிவு பிடிக்காதவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். புகார் கொடுத்தவரே கேட்டால் சமரசம் பேசலாம்; ஆனால் பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஒரு புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதாலேயே அது பொய்ப் புகார் ஆகிவிடாது.

முதலாண்டு மாணவிகளில் பலருக்கு 17 வயதுதான் இருக்கும். அப்போது சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்துவிடுகிறது. விஷயம் தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது குற்றம். "வெளியே சொல்லாதீங்க, நாமே பேசி முடிப்போம்" என்கிற பயிற்சியாளரும் முதல்வரும் சட்டத்தின் பிடியில் மாட்டுவார்கள்.

உடனே செய்ய வேண்டியவை

பாதிக்கப்பட்டவர் நாள், நேரம், இடம், உடனிருந்தவர்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு இடத்திலும் சேமிக்க வேண்டும். உடல்ரீதியான வன்முறை என்றால் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். புகாரைக் கையில் கொடுத்தால் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். கல்லூரி விசாரணை நடப்பதால் காவல் நிலையம் போகக் கூடாது என்றில்லை. இந்தியாவில் 112, 181 எண்கள் உதவிக்கு இருக்கின்றன.

புகாருக்கு ஆளானவர் எதிர்த்தரப்பைத் தொடர்புகொள்ளவே கூடாது. நண்பர்களை விட்டுப் பேசச் சொல்வதும் மிரட்டலாகவே பார்க்கப்படும். செய்திகளை அழிக்காமல், பதிலை எழுத்தில் கெடுவுக்குள் கொடுத்து, தன் சாட்சிகளை அழைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பெற்றோர் ஒன்று செய்யலாம். பிள்ளையை அணியில் சேர்க்கும்போது பயிற்சி நேரம், சாப்பாடு, உதவித்தொகை பற்றியெல்லாம் கேட்கிறோம். கூடவே, புகார் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது யாரிடம் சொல்லலாம் என்றும் கேளுங்கள். பதில் தெரியாத கல்லூரி அன்றைக்காவது அந்தப் பட்டியலைத் தேடி எடுக்கட்டும்.